பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருக்கிறீர்களா? கழுத்து, கண், கை, கரண்ட்: எதை முதலில் சரிசெய்வது

ஊரிலிருந்து பெங்களூருக்கு வந்து ஐடி, பிபிஓ, கணக்கு அலுவலகம் என்று ஏதோ ஒரு வேலையில் சேர்ந்து, பிஜி (மாதப் பணம் கட்டித் தங்கும் விடுதி) அறையிலோ நண்பர்களோடு எடுத்த வாடகை வீட்டிலோ லேப்டாப்பை விரித்து உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அலுவலகத்தில் பெரும்பாலும் ஓரளவு நல்ல நாற்காலி இருக்கும். வலி தொடங்குவது வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில்தான்.

பலரும் செலவு செய்கிற வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் நீல ஒளிக் கண்ணாடி, அடுத்து கேமிங் நாற்காலி, வலி முற்றியதும் நேரே எம்ஆர்ஐ. இருபதாயிரம், முப்பதாயிரம் கரைந்த பிறகும் வலி இருந்த இடத்திலேயே இருக்கும். மேசை உயரத்துக்கும் உங்கள் முழங்கை உயரத்துக்கும் உள்ள இடைவெளியை யாரும் அளந்திருக்க மாட்டார்கள். அதிலிருந்து தொடங்கினால் பாதிச் செலவு மிச்சம். கீழே சொல்லும் விலைகள் தோராயமானவை, கடைக்குக் கடை மாறும்.

1. டேப் எடுத்து அளந்து பாருங்கள்

தையற்காரர் டேப் போதும், 20 ரூபாய். வீட்டில் எந்தச் செருப்போடு இருப்பீர்களோ அதைப் போட்டுக்கொண்டு, பாதம் இரண்டும் தரையில் படும்படி உட்காருங்கள். தோளைத் தொங்கவிட்டு, முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கையின் அடிப்பக்கம் வரை எவ்வளவு என்று இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். இதுதான் உங்கள் கீபோர்டு இருக்க வேண்டிய உயரம்.

160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு இந்த அளவு ஏறக்குறைய 62 முதல் 65 செ.மீ. வரும். கடையில் கிடைக்கும் மேசையும் டைனிங் டேபிளும் 75 செ.மீ., அதாவது 30 இன்ச். மேலே கீபோர்டின் தடிமன் வேறு. பத்து செ.மீ.க்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளியை உடம்பு எப்படிச் சமாளிக்கும்? தோளை மேலே தூக்கி வைத்துக்கொள்ளும். எட்டு மணி நேரம் தோளைத் தூக்கியபடி இருந்தால் மாலையில் கழுத்தின் இரு பக்கமும் கல்லாகப் போவதில் வியப்பில்லை. உயரம் குறைந்தவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இந்தத் தொல்லை அதிகம். மேசை செய்கிறவர் அவர்களை நினைத்துச் செய்வதில்லை.

சரிசெய்ய இரண்டு வழி. மேசை உங்கள் சொந்தம், மரக்கால் என்றால் தச்சரிடம் கொடுத்துக் காலை அறுத்துவிடலாம். அரை மணி நேர வேலை. பிஜி மேசை, வீட்டு ஓனர் மேசை என்றால் தொடக்கூடாது, நாற்காலியை உயர்த்துங்கள். நாற்காலி பத்து செ.மீ. உயர்ந்தால் கால் தரையை விட்டுத் தூக்கும், அதற்கு ஈடாகக் காலடியில் பத்து செ.மீ. பலகை வேண்டும். 500 தாள் கொண்ட ஏ4 கட்டு ஒன்று ஏறக்குறைய 5 செ.மீ. தடிமன். பிரிக்காத கட்டு இரண்டை அடுக்கி டேப்பால் இறுக்கிக் கட்டினால் கால்பலகை தயார். நாற்காலியை மட்டும் உயர்த்திவிட்டுக் கால்பலகை வைக்காமல் விடுவது நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம்: தொடையின் அடிப்பகுதி இருக்கையின் விளிம்பில் அழுந்தி, மதியத்துக்குள் கால் மரத்துப் போகும்.

பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கிறது என்றால் உட்காரும் இடத்தில் கெட்டியான தலையணையோ மடித்த ஜமக்காளமோ போட்டு உயர்த்துங்கள். பெல்ட் கட்டும் இடத்துக்கு நேராக, முதுகுக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். சில வாரங்களுக்கு இது தாங்கும்.

2. லேப்டாப்பிலிருந்து கீபோர்டைப் பிரியுங்கள்

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியிருக்கின்றன. திரை கண்ணுக்கு நேரே வந்தால் கை உயரும், கை சரியான உயரத்தில் இருந்தால் கழுத்து குனியும். இரண்டில் ஒன்றுதான் சரியாகும். அதனால் முதல் சம்பளத்தில் முதலில் வாங்க வேண்டியது தனி கீபோர்டும் மவுஸும். இரண்டும் சேர்ந்து 800 முதல் 1,500 ரூபாய். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் இதைவிடக் குறைவாகவும் கிடைக்கும். ஆனால் பில் இல்லாமல் வாங்காதீர்கள், அலுவலகத்தில் பணம் கேட்க பில் வேண்டும் (8-ஆம் படியைப் பாருங்கள்).

கீபோர்டு வாங்கும்போது வலது பக்கம் எண்கள் தொகுதி இல்லாத சிறிய வகையைக் கேளுங்கள். எண்கள் தொகுதி இருந்தால் மவுஸ் அந்த அளவு வெளியே தள்ளிப் போகும், வலது தோள் நாள் முழுக்க விரிந்தே இருக்கும். கணக்கு வேலை செய்கிறவர்களுக்கு எண்கள் தொகுதி வேண்டும்தான்; அவர்கள் அதைத் தனியாக வாங்கி இடப்பக்கம் வைத்துப் பழகலாம். கீபோர்டின் அடியில் இரண்டு குட்டிக் கால்கள் இருக்கும், அவற்றை விரிக்காதீர்கள். விரித்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும்.

இனி லேப்டாப்பை உயர்த்துங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ, கொஞ்சம் கீழாகவோ இருக்க வேண்டும். 14 இன்ச் லேப்டாப்புக்கு 15 முதல் 25 செ.மீ. வரை உயர்த்த வேண்டியிருக்கும். ஸ்டாண்ட் 700 முதல் 1,500 ரூபாய். பழைய புத்தக அடுக்கும் அதே வேலையைச் செய்யும், காற்று போகும் ஓட்டையை அடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். தூரம் ஒரு கை நீளம், 50 முதல் 70 செ.மீ. அந்தத் தூரத்தில் எழுத்து தெரியவில்லை என்று முன்னால் சாய்ந்தால் பயனில்லை. எழுத்தின் அளவை 125 சதவீதமாக்குங்கள்.

24 இன்ச் மானிட்டர் 8,000 முதல் 11,000 ரூபாய் வரை. கோடிங், டிசைன், எக்ஸெல் என்று நாள் முழுக்க இருப்பவர்களுக்கு இது வீண் செலவு இல்லை. உயரம் மாற்றக்கூடிய காலோடு வருவதை வாங்குங்கள். கண்ணாடியில் இரண்டு பார்வை உள்ள, நாற்பது கடந்தவர்கள் மானிட்டரை இன்னும் சற்றுத் தாழ்த்த வேண்டும். இல்லையென்றால் கீழ்ப்பகுதி லென்ஸ் வழியே பார்க்கத் தாடையை மேலே தூக்கிக்கொண்டே இருப்பார்கள், பின்கழுத்து வலிக்கும்.

கட்டிலில் வேலை பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. மெத்தையில் வைத்தால் லேப்டாப்பின் காற்றோட்டம் அடைபடும். தொடையில் மாதக்கணக்கில் வைத்தால் சூடுபட்ட இடத்தில் வலைபோல் பழுப்புத் திட்டு விழும், மறைய நாளாகும். அவசரத்துக்கு அரை மணி நேரம் என்றால் சரி, தினமும் வேண்டாம்.

3. நாற்காலி: புதிதா, பழையதா?

பழைய அலுவலக நாற்காலிதான் என் பரிந்துரை. அலுவலகங்கள் காலி செய்யும்போது நல்ல கம்பெனி நாற்காலிகள் பழைய ஃபர்னிச்சர் கடைகளுக்கு வருகின்றன; ஊரைவிட்டுப் போகிறவர்களும் விற்கிறார்கள். 3,000 முதல் 5,000 ரூபாய்க்குக் கிடைப்பது, அதே விலையில் ஆன்லைனில் வரும் புது நாற்காலியைவிட நீண்ட நாள் உழைக்கும். பந்தய வண்டி இருக்கைபோல் பக்கவாட்டில் சிறகு வைத்த கேமிங் நாற்காலி வேண்டாம். சிறகு தோளை முன்னால் தள்ளும், ரெக்ஸின் பெங்களூர் மார்ச், ஏப்ரலில் வியர்க்கும்.

கடையில் இப்படிச் சோதியுங்கள். இருக்கையை முழு உயரத்துக்குத் தூக்கி ஐந்து நிமிடம் உட்காருங்கள், இடையில் இரண்டு முறை எழுந்து உட்காருங்கள். கொஞ்சமாவது இறங்கினால் உள்ளே இருக்கும் கேஸ் சிலிண்டர் போய்விட்டது. மாற்ற 800 முதல் 1,500 ரூபாய் ஆகும், அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். நாற்காலியைக் கவிழ்த்து, ஐந்து கால் கூடும் நடுப்பகுதியில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். விரிசல் இருந்தால் பேரமே வேண்டாம், அது உட்கார்ந்திருக்கும்போதே உடையும். பிறகு பின்னால் ஒட்டி உட்காருங்கள்: இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் அந்த இருக்கை உங்களுக்கு நீளம். கைப்பிடி மேசைக்கு அடியில் போகும் அளவுக்குத் தாழுமா என்றும் பாருங்கள். மேசை விளிம்பில் இடிக்கும் கைப்பிடி உங்களைக் கீபோர்டிலிருந்து தள்ளியே வைத்திருக்கும். கழற்றக்கூடிய கைப்பிடி என்றால் கழற்றிவிடலாம்.

துணி மெத்தை வைத்த பழைய நாற்காலியில் மூட்டைப்பூச்சி வரும். தையல் ஓரங்களில் செல்போன் டார்ச் அடித்துக் கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிஜியில் ஒரு நாற்காலியோடு வந்த பூச்சி நான்கு அறைக்குப் பரவும். வலை முதுகு, மோல்டு இருக்கை என்றால் இந்தக் கவலை குறைவு. டெம்போ கூலி 300 முதல் 600 வரை. விலை பேசும்போதே ‘டெலிவரி சேர்த்தா?’ என்று கேட்டுவிடுங்கள்.

ஆறு மாதத்துக்குள் அறை மாறுவோம் என்று தெரிந்தால் மாத வாடகைக்கும் நாற்காலி கிடைக்கும். டெபாசிட் எவ்வளவு, திரும்பி எடுக்கும்போது கீறலுக்குப் பணம் பிடிப்பார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நாற்காலி உங்களிடம் வந்து சேரும் நாளன்றே நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

4. கரண்ட்: இதைத் தள்ளிப்போடாதீர்கள்

சார்ஜ் ஏறும்போது லேப்டாப்பின் உலோக உடம்பில் கையை மெல்ல உரசினால் சுர்ரென்று ஒரு நடுக்கம் தெரிகிறதா? சார்ஜரிலிருந்து கசியும் மிகச் சிறிய மின்சாரம் அது. எர்த் சரியாக இருந்தால் மூன்றாவது பின் வழியே மண்ணுக்குப் போய்விடும். இரண்டு பின் சார்ஜரில் இப்படி இருப்பது இயல்பு, அதனால் ஆபத்தில்லை. ஆனால் மூன்று பின் சார்ஜரிலும் நடுக்கம் இருந்தால், சுவரில் உள்ள அந்த பிளக் பாயிண்டில் எர்த் இல்லை என்று சந்தேகிக்க வேண்டும். லேப்டாப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அதே அறையின் குளியலறையில் கீசர் இருக்கிறது. எர்த் இல்லாத கீசரில் கசிவு வந்தால் உயிர் போகும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், வந்து பார்க்க 200 முதல் 400 ரூபாய். அல்சூர், சிவாஜிநகர், விவேக்நகர் பக்கம் தமிழ் பேசுகிறவர்களே கிடைப்பார்கள். மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுக்கச் சொல்லி நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள்: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் அளவில், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட். இரண்டாவது அளவு மிகக் குறைவாகவோ ஆடிக்கொண்டோ இருந்தால் எர்த் இல்லை.

இங்கே ஒரு மோசமான குறுக்குவழி நடக்கிறது. பிளக் பாயிண்டின் உள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். மீட்டரில் எல்லாம் சரியாகக் காட்டும். எங்கோ நியூட்ரல் அறுந்தால், எர்த் பின்னோடு சேர்ந்த எல்லா உலோகத்திலும், உங்கள் லேப்டாப் உட்பட, முழு 230 வோல்ட் வந்து நிற்கும். பிளக் பாயிண்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். துண்டு வயர் இருந்தால் எடுக்கச் சொல்லி, கட்டடத்தின் எர்த் குழியிலிருந்து வயர் இழுக்க வேண்டும் என்று ஓனரிடம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு வந்தால் கரண்டைத் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இருந்தால் மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் போர்டில் மூன்று ஓட்டை இருப்பதால் மட்டும் எர்த் இருப்பதாக நம்பாதீர்கள். மலிவான போர்டுகளில் உள்ளே ஓடுவது இரண்டு வயர்தான், மூன்றாவது ஓட்டை வெறுமை. ஐஎஸ்ஐ முத்திரை, மூன்று வயர், தனி ஸ்விட்ச் உள்ளதாக 500 முதல் 900 ரூபாய்க்குள் வாங்குங்கள். லேப்டாப், மானிட்டர், ரூட்டர் மூன்றும் சேர்ந்தாலும் ஓர் ஆம்பியர்கூட இழுக்காது. அதே போர்டில் அயர்ன் பாக்ஸ், கெட்டில், தண்ணீர் சூடாக்கும் ராடு செருகினால்தான் வயர் உருகும். ஒரு போர்டிலிருந்து இன்னொரு போர்டு இழுக்கவும் கூடாது.

ஏப்ரல், மே மாலைகளில் இடியோடு மழை வரும்போது சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள், ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. கரண்ட் போனால் பெங்களூர் மின்வாரியமான பெஸ்காமின் எண் 1912. ரூட்டருக்கு மட்டும் 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் 1,000 முதல் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. ரூட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

டச்பேட் மேலே எழும்புகிறது, மூடி சரியாக மூடவில்லை, லேப்டாப் மேசையில் ஆடுகிறது என்றால் பேட்டரி வீங்கியிருக்கிறது. அன்றே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், கட்டிலில் வைக்காதீர்கள். அலுவலக லேப்டாப் என்றால் படம் எடுத்து ஐடி பிரிவுக்கு மெயில் போடுங்கள். சொந்தமானது என்றால் சர்வீஸ் சென்டரிலேயே பழைய பேட்டரியையும் விட்டுவிடுங்கள். குப்பையில் போட்டால் குப்பை வண்டியிலேயே தீப்பிடிக்கும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, அதைத் திரும்ப வாங்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு.

5. கண்

திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது இயல்பில் பாதிக்கும் கீழே குறைகிறது. கண்ணீர்ப் படலம் காய்கிறது. எரிச்சல், மங்கல், மாலைத் தலைவலி எல்லாம் பெரும்பாலும் இதனால்தான். ஏசிக் காற்று நேரே முகத்தில் படும் இடத்தில் உட்கார்ந்தால் இன்னும் மோசம். அலுவலகத்தில் இடம் மாற்றித் தரச் சொல்ல இதுவே போதுமான காரணம்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். பிஜி அறையில் 20 அடி இருக்காது, ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தைப் பாருங்கள். அப்போது இமைகளை நன்றாக மூடித் திறவுங்கள், பாதி இமைப்பு உதவாது. ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் வரும்படி மேசையைப் போடுங்கள். முன்னால் இருந்தால் கண் கூசும், பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும்.

நீல ஒளிக் கண்ணாடிக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். 17 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து 2023-இல் வெளியான காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) ஆய்வு, கம்ப்யூட்டர் வேலையால் வரும் கண் சோர்வைக் குறுகிய காலத்தில் அது குறைப்பதாகத் தெரியவில்லை என்கிறது. அந்த ஆயிரம் ரூபாயைக் கண் டாக்டருக்குக் கொடுங்கள்.

கண்ணாடிக் கடையின் இலவசச் சோதனை பவர் மட்டும் சொல்லும். டாக்டரிடம் போனால் கண்ணின் அழுத்தம், வறட்சி, விழித்திரை எல்லாம் பார்ப்பார்கள். தனியார் ஆலோசனைக் கட்டணம் பொதுவாக 300 முதல் 800. கே.ஆர். மார்க்கெட் அருகே மின்டோ அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, செலவு மிகக் குறைவு, காத்திருப்பு அதிகம். காலையில் முதல் ஆளாகப் போங்கள். ஒயிட்ஃபீல்டு, மாரத்தஹள்ளி பக்கம் இருப்பவர்களுக்கு குந்தலஹள்ளி கேட்டில் சங்கரா கண் மருத்துவமனை அருகில். எங்கே போனாலும், விழித்திரை பார்க்கச் சொட்டு மருந்து விட்டால் நான்கைந்து மணி நேரம் எழுத்து மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். அன்று மீட்டிங் வைக்காதீர்கள், பைக்கில் போகாதீர்கள்.

போகும் முன் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ‘65 செ.மீ.’ என்று சொன்னால் அந்தத் தூரத்துக்கே பவர் எழுதுவார்கள். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இது மிக முக்கியம், படிக்கும் கண்ணாடி 40 செ.மீ.க்கு எழுதப்படுவது.

வறட்சிக்குக் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதச் சொட்டு மருந்து, 100 முதல் 250 ரூபாய். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் பிரிசர்வேட்டிவ் இல்லாத வகையைக் கேளுங்கள். பாட்டிலில் திறந்த தேதியை எழுதுங்கள். பெரும்பாலானவற்றை ஒரு மாதத்தில் தூக்கிப் போட வேண்டும். மெடிக்கலில் ‘கண் சிவப்புக்கு’ என்று கேட்டு ஸ்டீராய்டு கலந்த சொட்டு வாங்கிவிடாதீர்கள். இரண்டு நாளில் அற்புதமாகக் கேட்கும், மாதக்கணக்கில் விட்டால் கண்ணழுத்தம் ஏறிப் பார்வை நரம்பையே கெடுக்கும்.

6. கை, மணிக்கட்டு, இடைவேளை

எந்த விரல் மரக்கிறது என்று கவனியுங்கள், காரணம் அதிலேயே தெரியும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. இரவில் கை மரத்து விழித்து, கையை உதறினால் சரியாவது இதன் அடையாளம். சுண்டு விரலும் மோதிர விரலின் மறுபாதியும் என்றால் அழுத்தம் பெரும்பாலும் முழங்கையில். கூரான மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றுவதை முதலில் நிறுத்துங்கள், விளிம்பில் துண்டைச் சுற்றுங்கள். மணிக்கட்டுக்காரர்கள் கையை நேராக வைக்கும் பட்டியை இரவில் மட்டும் ஆறு வாரம் கட்டிப் பாருங்கள், விலை 300 முதல் 600. பகலில் கட்டிக்கொண்டு டைப் செய்தால் பட்டியோடு போராடி முழங்கை வலிக்கும்.

அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். தண்ணீர் பாட்டிலை மேசையில் வைக்காமல் சமையலறையில் வைத்தால் அலாரம் தேவையில்லை. போன் வந்தால் நடந்தபடி பேசுங்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு டைப் செய்யாதீர்கள். கால் சென்டர் வேலை என்றால் ஹெட்செட் ஒலியை 60 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள்.

கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம், 1961 தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு தரச் சொல்கிறது. மதிய உணவை மேசையிலேயே முடிப்பது உங்கள் உரிமையை நீங்களே விடுவது.

7. டாக்டரிடம் எப்போது, எங்கே

மேலே சொன்னதை எல்லாம் சரிசெய்து மூன்று வாரம் ஆகியும் வலி குறையவில்லை என்றால் போங்கள். முதலில் எலும்பு மருத்துவரோ உடலியக்க மருத்துவரோ போதும். அரசு மருத்துவமனை வேண்டுமென்றால் சிவாஜிநகரில் பௌரிங், எலும்புக்கென்றே ஜெயநகர் அருகில் சஞ்சய் காந்தி மருத்துவமனை. தனியாரில் பிசியோதெரபி ஒரு முறைக்கு 500 முதல் 1,000. பத்து முறை சேர்த்து முன்பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். மூன்று முறை போய், பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு, வீட்டில் செய்யுங்கள்.

சாதாரண இடுப்பு வலிக்கு உடனே எம்ஆர்ஐ தேவையில்லை. பெரும்பாலான வலி ஆறு வாரத்தில் தணியும். எடுத்தால் 6,000 முதல் 10,000 ரூபாய் போகும், வலியே இல்லாத பலருக்கும் டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருப்பது அதில் தெரியும், அதைப் பார்த்துப் பயம்தான் மிஞ்சும். கை மரப்புக்கு நரம்புக் கடத்தல் சோதனை 1,500 முதல் 3,000. அதற்கு முன் சர்க்கரை, தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள், செய்யுங்கள், இவற்றாலும் விரல் மரக்கும்.

ஆனால் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்: சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமை, சிறுநீர் வராமல் அடைப்பது, இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப் போவது, காலோ கையோ பலம் இழப்பது, முதுகு வலியோடு காய்ச்சல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது. ஆம்புலன்ஸ் 108.

மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்காதீர்கள், வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தூக்கம் கெட்டு, மனம் சோர்ந்து, வேலை பயமுறுத்தும் அளவுக்குப் போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, எந்த நேரமும், தமிழிலும் பேசலாம்.

8. காகிதங்கள்: எதை எப்போது வாங்கி வைப்பது

நாற்காலி, கீபோர்டுக்குக் கம்பெனி பணம் தருமா என்று வாங்கும் முன் ஹெச்ஆருக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் ‘முன் அனுமதி இல்லை’ என்று திரும்பும். தருவார்கள் என்றால், பில் உங்கள் பெயரில் வேண்டுமா கம்பெனி பெயரில் ஜிஎஸ்டி எண்ணோடு வேண்டுமா என்பதையும் அதே மெயிலில் கேளுங்கள். பில் போட்ட பிறகு பெயர் மாற்றித் தரக் கடைக்காரர்கள் மறுப்பார்கள்.

டாக்டரிடம் ‘ஓய்வு தேவை’ என்று பொதுவாக எழுதி வாங்காதீர்கள். ‘கண் மட்டத்தில் திரை, தனி கீபோர்டு, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க அனுமதி, ஆறு வாரத்துக்கு’ என்று குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். தேதி, கையெழுத்து, டாக்டரின் பதிவு எண் மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். மேலே சொன்ன 1961 சட்டப்படி ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு.

கம்பெனிக் குழுக் காப்பீடு பெரும்பாலும் 24 மணி நேரமாவது படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். டாக்டர் கட்டணம், பிசியோ, தனியாக எடுத்த எம்ஆர்ஐ எல்லாம் கைக்காசு. வெளிநோயாளி செலவு சேருமா என்று சேர்ந்த மாதமே கேட்டு வையுங்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்றால் உங்களுக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், கம்பெனி 3.25 சதவீதம் கட்டும். சம்பள ரசீதில் பிடித்தம் தெரிகிறதா, உங்கள் 10 இலக்க இன்ஷூரன்ஸ் எண் கொடுத்துவிட்டார்களா என்று முதல் மாதமே பாருங்கள். அந்த எண்ணுக்கான இ-பெஹ்சான் என்ற அடையாள அட்டையை அச்செடுத்து, ஆதாரோடு இஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குக் கொண்டு போங்கள். அங்கே பார்த்துத் தேவைப்பட்டால் ராஜாஜிநகர், இந்திராநகர், பீன்யா இஎஸ்ஐ மருத்துவமனைகளில் ஒன்றுக்கு எழுதித் தருவார்கள். நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும், இஎஸ்ஐ டாக்டரின் சான்றிதழும் வேண்டும்.

ஊர் முகவரி கொடுத்துச் சேர்ந்தவர்களுக்கு டிஸ்பென்சரியும் ஊரிலேயே பதிவாகியிருக்கும். பொம்மனஹள்ளியில் வலி வந்து தர்மபுரி டிஸ்பென்சரிக்கு ஓட முடியாது. பெங்களூர் முகவரிக்கு அருகில் உள்ள டிஸ்பென்சரியாக மாற்றித் தரச் சொல்லி, வாடகை ஒப்பந்த நகலோடு ஹெச்ஆரிடம் கொடுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே இதை முடியுங்கள், சேர்ந்த முதல் மாதத்திலேயே.